நாற்பத்தோராம் கமெரா

மருதமுனையிலிருந்து வந்த பஸ் ஸம்றாவைக் கல்முனையில் இறக்கிவிட்டபோது காலை எட்டேகால். மழை விட்டு இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அதற்குள் வெயில் முதுகைச் சுடத் தொடங்கிவிட்டது. கறுப்பு அபாயாவுக்குள் வியர்க்க வியர்க்க அவள் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் நடந்தாள். கடைசி வீடு என்று சொல்லியிருந்தார்கள். பழைய ஓட்டு வீடு. சுவரில் பாசி பிடித்துப் பச்சை ஏறியிருந்தது. இரும்புக் கேற்றில் பெயர்ப்பலகை இல்லை. இதற்குள் கணினி வேலை நடக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

புவியியல் படித்துப் பட்டம் பெற்று மூன்று வருடம் வீட்டில் இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. விடியற்காலையில் உம்மா இரண்டு ரக்கஅத் கூடுதலாகத் தொழுதுவிட்டுத்தான் அவளை அனுப்பிவைத்தாள்.

"வாங்க தங்கச்சி. செருப்பக் கழட்டிட்டு வாங்க, நிலம் கழுவியிருக்கு" என்றார் பளீல். நிறுவனம் அவருடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், அதிராத குரல். முன் அறை அவருக்கு. பின் அறையில் இரண்டு மேசைகள். இரண்டு அறையின் மூலையிலும் முகட்டோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னக் கண்காணிப்புக் கமெரா. வீட்டில் இருந்தாலும் கைத்தொலைபேசியில் அவர் பார்ப்பாராம்.

வேலையை அவரே சொல்லிக் கொடுத்தார். கனடாவின் வடபக்கம் ஒரு மாகாணம். வீதியோரம் ஐம்பது கம்பங்களில் ஐம்பது கமெராக்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். திரையின் இடப்பக்கம் படம் வரும். வலப்பக்கம் அந்த இடத்தின் வானிலைப் பதிவு வரும். வெப்பநிலை, காற்று, எத்தனை சென்ரிமீற்றர் பனி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வீதி வெறுமையா, பாதி மூடியதா, முழுக்க மூடியதா என்று குறிக்க வேண்டும். கீழே இன்னொரு கேள்வி: வாகனமோ ஆளோ உண்டா?

"அங்க ராவு, நமக்குப் பகல். அவங்க படுத்துத் தூங்கிற நேரம் அவங்கட ரோட்ட நம்ம பார்க்கிறம். நம்ம 'மூடியிருக்கு' எண்டு போட்டாத்தான் பனி வழிக்கிற லொறி வெளிக்கிடும். விளங்குதா?"

"பதிவு ஒண்டு செல்லி, படம் வேற ஒண்டு காட்டினா, சேர்?"

"படந்தான். வானிலை நிலையம் சில இடத்துல மலைக்கு அங்கால இருக்கு. நம்ம கண்தான் கடைசி." அவர் சிரித்தார். "ஒங்கட நம்பர் ஏழு. முந்தி ஒரு புள்ள வெச்சிருந்திச்சி. கவனம் போதாது, நிப்பாட்டிட்டன்."

அடுத்த மேசையில் இருந்த அருள்ராணி அப்போது தலையைக் குனிந்துகொண்டாள். கல்முனை மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள், நாற்பதைத் தாண்டியவள். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அவள் குனிந்ததை ஸம்றா கண்டாள். ஆனால் முதல் நாள்; ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாளில் பனி அவளுக்குப் பழகிவிட்டது. வாழ்நாளில் தொட்டிராத ஒன்றை அவள் கண்ணால் படித்தாள். புதுப் பனி விளக்கு வெளிச்சத்தில் நீலம் காட்டும். பழசு சலிக்காத அரிசிமாபோல் மங்கிக் கிடக்கும். சக்கரம் போன தடம் இரண்டு கறுப்புக் கோடாகத் தெரிந்தால் பாதி மூடியது. அந்தக் கோடும் மறைந்தால் முழுக்க மூடியது. வெளியே காகம் கத்தும். மீன் வண்டிக்காரனின் ஹோர்ன் கேட்கும். அவள் கண்ணெதிரே நடுச்சாமத்து வீதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். வேலை அவளுக்குப் பிடித்தேயிருந்தது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நாற்பத்தோராம் கமெராவின் படம் வந்தது.

ஒரு வளைவு. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். ஒற்றை விளக்குக் கம்பம். பனி சாய்வாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வீதி எது, ஓரம் எது என்று தெரியவில்லை. ஆனால் வலப்பக்கப் பதிவு வேறு சொன்னது: மழை இல்லை, பனி இல்லை, காற்று இல்லை.

வளைவின் கோடியில் கறுப்பாக ஏதோ நின்றது.

மரக்கட்டை என்றுதான் முதலில் நினைத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். கட்டைக்குக் கை இருந்தது. அந்தக் கை உயர்ந்திருந்தது.

'முழுக்க மூடியது. ஆள் உண்டு' என்று குறித்தாள். பத்து நிமிடம் கழித்து அடுத்த படம். அந்த உருவம் கிட்ட வந்திருந்தது. இப்போது அது ஒரு பெண் என்று தெரிந்தது. நீண்ட கோட்டு. முகம் கமெராவை நேரே பார்த்திருந்தது.

"அருள்ராணி அக்கா, இதப் பாருங்களேன். இந்தச் சாமத்தில ஒரு மனிசி நிக்கிறா."

அருள்ராணி எழும்பி வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே மெதுவாகக் கேட்டாள்: "நாப்பத்தொண்டா?"

"ஓம்."

"பார்க்காத கா. 'தெளிவில்லை' எண்டு போட்டிட்டு அடுத்ததுக்குப் போ."

"ஏன்?"

"போ எண்டாப் போ கா."

மாலையில் கனடாவிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. நாற்பத்தோராம் கமெராவில் வீதி வெறுமை, ஆள் எவருமில்லை, ஏழாம் இலக்கம் கவனமாகப் பார்க்கவும் என்று இருந்தது. அவர்கள் திரையில் அந்தப் பெண் இல்லை.

அடுத்த நாள்தான் ஸம்றா பதிவைக் கவனித்தாள். மற்ற எல்லாக் கமெராக்களிலும் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்து, பன்னிரண்டு. நாற்பத்தொன்றில் மட்டும் மூன்று பாகை. பூச்சியத்துக்கு மேலே. மறுநாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் பத்தொன்பது. கருவி பழுது என்று குறிப்பு எழுதினாள். பதில் வரவில்லை.

பத்தொன்பது என்று கண்ட அன்றுதான் அவளுக்கு அறை குளிர்ந்தது.

ஏசி இல்லாத அறை அது. ஒரு ஃபேன் மட்டும்தான். யன்னலுக்கு வெளியே சுவர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் மேசையைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குக் குளிர் நின்றது. ஈரக் கம்பளியின் வாசமும் இரும்பை நக்கினாற்போல் ஒரு வாசமும். தேத்தண்ணிக் கோப்பையில் ஆடை கட்டியிருந்தது. அது பாலாடை அல்ல. விரலால் தொட்டபோது நொறுங்கியது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். சுட்டியை அழுத்தும் வலதுகை ஆட்காட்டி விரல் நுனி சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. உம்மா சுடுதண்ணீரில் பிடித்துக் கழுவினாள். ஸம்றாவுக்குச் சூடு தெரியவில்லை.

மறுநாள் பகல் பளீல் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவள் அந்த விரலை அருள்ராணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அருள்ராணி அதைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"அஸ்மியாக்கும் இப்பிடித்தான் தொடங்கினது" என்றாள்.

"ஆரு அஸ்மியா?"

"உனக்கு முந்தி ஏழாம் நம்பர் வெச்சிருந்த புள்ள." மூலையில் இருந்த கமெராவுக்கு முதுகு காட்டித் திரும்பி இருந்துகொண்டு அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "போன வருசம் தை மாசம். சரியான மழை, வெள்ளம். ஒருத்தரையும் வரவேணாம் எண்டிட்டார் சேர். அண்டைக்கு நாப்பத்தொண்டுல ஒரு தாதி, வேல முடிஞ்சு வீட்ட போன மனிசி, கார் சறுக்கிப் பள்ளத்துல இறங்கி நிண்டிருக்கு. பனி வழிக்கிற லொறி வரவேயில்ல. ஏனெண்டா 'வீதி வெறுமை' எண்டு இஞ்சயிருந்து போயிருக்கு. விடியப் பார்த்தா மனிசி கம்பத்தடியில விறைச்சுப்போய்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விசாரிச்சு முடிச்சு முறைப்பாடு வர எட்டு ஒம்பது மாசமாச்சு. ஏழாம் நம்பர்தான் அந்தப் பதிலப் போட்டது எண்டு வந்திச்சி. அஸ்மியாவ அண்டைக்கே நிப்பாட்டினார்."

"அவங்கதானா போட்டது?"

"எனக்குத் தெரியா கா." கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றினாள். "தெரியா எண்டு செல்லி இவ்வளவு நாளும் இருந்திட்டன்."

அஸ்மியாவின் வீடு சம்மாந்துறையில். அறுவடை முடிந்திருந்த காலம். பஸ் போகும் வழியெல்லாம் வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். நல்ல வெயில். ஆனாலும் வாசலுக்கு வந்த அஸ்மியா கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தாள். முப்பது வயதுக்குள் முகம் ஒடுங்கியிருந்தது.

ஸம்றா தனக்குக் கிடைத்த ஏழாம் நம்பரைச் சொன்னாள். அஸ்மியா சால்வைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்துக் காட்டினாள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

"டொக்டர்மாருக்கு விளங்கல்ல. குளிர் சுட்ட விரல் மாதிரியாம். சம்மாந்துறையில குளிர் சுடுமா தங்கச்சி?" அவள் சிரிக்கப் பார்த்தாள். "மார்கழியில பனிக்காலம் தொடங்க எனக்கும் தொடங்கினது. ராப்பகலா இந்தக் கைமாட்டுல, பக்கத்துலயே, ஆரோ நிக்கிற மாதிரி. போன மாசம் ஒரு நாள் சடாரெண்டு விட்டிட்டுப் போயிட்டு. ஏன் எண்டு இப்பதான் விளங்குது. நம்பர் உனக்குக் கைமாறியிருக்கு."

"ராத்தா, நீங்களா அந்தப் பதிலப் போட்டீங்க?"

"அண்டைக்கு நான் உம்மாவக் கொண்டு ஆசுபத்திரியில நிண்டன். ஆசுபத்திரி தந்த துண்டு இருக்கு, காட்டவா?" அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "செல்லிப் பார்த்தன். ஆரு கேட்ட? கமெரா முழுக்கப் பனியால மூடினா அமத்திறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு, 'இதே பதில் தொடரட்டும்' எண்டு. அதுக்குக் கடவுச்சொல் வேணும். அது ஆருட்ட இருக்கு எண்டு பாரு."

ஸம்றா எழும்பினாள். அஸ்மியா வாசல்வரை வந்து இடக்கையால் அவள் கையைப் பிடித்தாள்.

"அவள் கெட்டவள் இல்ல தங்கச்சி. ஆரு செஞ்ச எண்டு தேடுறாள். பதிவுல என்ன எழுதியிருக்கோ அதத்தான் அவளுக்கும் வாசிக்கேலும்."

மறுநாள், புதன்கிழமை, ஸம்றா வந்ததும் பழைய கோப்புகளைத் திறந்தாள். போன வருடம், தை மாதம், அந்தத் திகதி. நாற்பத்தொன்று. காலை பத்து மணிக்கு ஒரு பதில்: வீதி வெறுமை, எவருமில்லை. அதன்பின் பின்னேரம் மூன்று மணி தாண்டும்வரை அதே பதில் தானாகவே தொடர்ந்திருந்தது. பதிலிட்டவர்: ஏழு. பதிலிட்ட கணினி: முன் அறை.

அவள் எழும்பி முன் அறைக்குப் போனாள். பளீல் கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், வெள்ளம் வந்த அண்டைக்கு ஏழாம் நம்பருல இருந்து வேல செஞ்சது ஆரு?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஆரு உங்களுக்கு இந்தக் கதையெல்லாம் செல்லித் தாற?"

"பதிவுல இருக்கு சேர். இந்தக் கணினி."

இப்போது நிமிர்ந்தார்.  பிறகு தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு ஆள் தனிய ஐம்பது கமெராவப் பார்க்கேலுமா தங்கச்சி? மழை அப்பிடி. ஒருக்கா அமத்திட்டு வீட்ட போய்ப் போர்த்திட்டுப் படுத்தன். ஒரே ஒரு நாள்."

"ஒரு மனிசி செத்துப்போயிட்டு, சேர்."

"அல்லாஹ்ட நாட்டம்."

"அஸ்மியா ராத்தாட ரெண்டு விரலும் அல்லாஹ்ட நாட்டமா?"

 ஸம்றா தன் விரலை மேசையில் வைத்தாள். நுனி இப்போது நீலம் பாரித்திருந்தது.

"ஒரு வரி எழுதுங்க சேர். நான்தான் எண்டு, ஒரு வரி. கனடாவுக்கு அனுப்பவும் வேணாம். அந்தப் படத்துக்குக் கீழ எழுதினாப் போதும்."

பளீல் சிரித்தார். அதிராத அதே குரலில் சொன்னார்: "இனி ஒரு முறைப்பாடு வந்தாலும் ஏழாம் நம்பர்தான் பதில் செல்லும். அது நீங்கதான். போய் வேலையப் பாருங்க."

அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

அந்த வெள்ள நாளின் படங்கள் முப்பத்திரண்டு. பதினைந்து மாதமாக இந்த வீட்டில் எவரும் திறந்து பாராத படங்கள். அவள் முதலாவதைத் திறந்தாள்.

வளைவில் ஒரு காரின் விளக்கு, பள்ளத்துக்குள் சாய்ந்து எரிந்தது. இரண்டாவதில் காரின் பக்கத்தில் ஒரு பெண். நான்காவதில் வீதியின் நடுவே நடந்து வந்தாள். ஒன்பதாவதில் விளக்குக் கம்பத்தடிக்கு வந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். கமெராவைக் கண்டுவிட்டாள். அந்த முகத்தில் வந்த ஆறுதல் அந்த மங்கல் படத்திலும் தெரிந்தது.

யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

அதன்பிறகு அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கை காட்டினாள். பதினான்காவதில் கழுத்துத் துணியை அவிழ்த்து வீசிக் காட்டினாள். இருபதாவதில் முழங்கால் மடிந்திருந்தது. இருபத்தேழில் கம்பத்தில் சாய்ந்து இருந்தாள். தூக்கிய கை மட்டும் கம்பத்தைப் பற்றியபடி இறங்காமல் இருந்தது. முப்பத்திரண்டாவது படத்தில் கம்பத்தடியில் வெள்ளையாக ஒரு மேடு. வேறொன்றுமில்லை.

ஸம்றா அழுதாள். அழுதுகொண்டே ஒவ்வொரு படத்துக்கும் பதிலைத் திருத்தினாள். முழுக்க மூடியது. ஆள் உண்டு. முழுக்க மூடியது. ஆள் உண்டு. பிறகு குறிப்பு எழுதும் பெட்டியைத் திறந்தாள்.

'இந்தப் படங்களை ஏழாம் இலக்கம் பார்க்கவில்லை. பளீல் என்பவர் முன் அறையிலிருந்து பாராமலே பதில் போட்டார். இன்று நான் பார்த்தேன். இங்கே ஒரு பெண் நிற்கிறாள்.'

விரல் அந்தப் பெயரில் ஒருகணம் நின்றது. பிறகு அனுப்பினாள்.

நாற்பத்தோராம் கமெராவின் புதிய படம் திரைக்கு வந்தது.

வளைவு வெறிச்சோடிக் கிடந்தது.

வலப்பக்கப் பதிவைப் பார்த்தாள். வெப்பநிலை முப்பது. ஈரப்பதன் எண்பத்தொன்று. கிழக்கிலிருந்து மெல்லிய கடற்காற்று.

அது கனடா இல்லை. அது இந்த வீடு.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மாவு மூட்டையைக் கையால் அமுக்கினால் வருமே, அந்த நறநறப்பு. ஒரு தடவை. நின்று, இன்னொரு தடவை. கழுவித் துடைத்த சீமெந்து நிலத்தில் யாரோ பனியை மிதித்து நடந்து வந்தார்கள்.

ஸம்றா திரும்பவில்லை. வாய்க்குள், காவல் தேடி ஓதும் ஆயத்துல் குர்ஸி ஓடியது. சொற்கள் தடுமாறின.

சத்தம் அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றது.

ஈரக் கம்பளி வாசம்.

அவளது தோளுக்கு மேலாக ஒரு மூச்சு வந்தது. திரைக் கண்ணாடியில் வட்டமாகப் புகார் மூட்டம் படிந்தது. எழுதிய குறிப்பின் மேல் அது படிந்தது. முதல் வரி மறைந்து தெளிந்தது. இரண்டாம் வரி மறைந்து தெளிந்தது. யாரோ வரிவரியாக வாசித்தார்கள்.

பெயர் இருந்த இடத்தில் அந்த மூட்டம் நெடுநேரம் நின்றது.

பிறகு அவளது விரல் சுட்டது. சூடு! இத்தனை நாளில் முதல்முறையாக விரலில் சூடு தெரிந்து குத்தி வலித்தது. நறநறப்பு அவளை விட்டு விலகி முன் அறைப் பக்கமாகப் போனது. அவசரமில்லாமல் போனது.

அருள்ராணி கையில் சிலுவையை இறுக்கிப் பிடித்தபடி உறைந்து இருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"எழும்பு கா" என்று உதடு மட்டும் அசைந்தது. "வெளிய போவம்."

பின் கதவால் வெளியே வந்தார்கள். பள்ளியில் பகல் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. வெயில் கண்ணைப் பறித்தது. அடுத்த வளவுப் பூவரச மரத்தடியில் இருவரும் குந்தினார்கள்.

"சேரக் கூப்பிடுவமா?" என்றாள் அருள்ராணி.

ஸம்றா அந்த வீட்டைப் பார்த்தாள். பதினைந்து அடி தூரம். ஒரு குரல் கொடுத்தால் போதும். முன் கதவு பூட்டியும் இருக்கவில்லை. அவளுக்கு அந்த முப்பத்திரண்டு படமும் கண்ணுக்குள் ஓடின. அஸ்மியாவின் கை நினைவுக்கு வந்தது.

அவள் கூப்பிடவில்லை. அருள்ராணியும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு உள்ளே போனபோது வீடு சாதாரணமாக இருந்தது. ஃபேன் சுற்றியது. முன் அறைக் கதவைத் தள்ளினார்கள். பளீல் மேசைக்கும் சுவருக்கும் இடையில், முழங்கால் மடிந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி உயர்த்தியபடி இருந்தார். கண் திறந்திருந்தது. புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகித் துளித்துளியாகச் சட்டையில் விழுந்தது.

பொலிஸ் வந்தது. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள். பத்து விரலும் கறுத்திருந்ததைப் பற்றி எழுதவில்லை. மையித்தைக் குளிப்பாட்டியவர்கள் மூன்று தரம் சுடுதண்ணீர் மாற்றியும் தண்ணீர் ஊற்றிய கையோடு குளிர்ந்துபோனது என்று பள்ளிவாசலில் கதைத்துக்கொண்டார்கள்.

முன் அறைக் கமெராவின் பதிவைப் பொலிஸார் ஸம்றாவையும் அருள்ராணியையும் வைத்துக்கொண்டுதான் ஓட விட்டார்கள். பன்னிரண்டு பதினைந்துக்குப் பளீல் கதிரையிலிருந்து எழும்புகிறார். கதவைப் பார்க்கிறார். "ஆரு?" என்று கேட்பதுபோல் உதடு அசைகிறது. பிறகு சுவரோடு சுவராகப் பின்வாங்குகிறார். வாயிலிருந்து புகைபோல் மூச்சு வருகிறது. கதவு அவருக்கு நாலடி தூரம். அந்தப் பக்கம் அவர் போகவேயில்லை. அண்ணாந்து மூலைக் கமெராவைப் பார்க்கிறார்.

கையை உயர்த்திக் காட்டத் தொடங்குகிறார்.

முப்பத்தொரு நிமிடம் காட்டினார். அறையில் அவரைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை.

"அந்த நேரத்துல இதப் பார்த்துக்கொண்டு ஆரும் இருக்கல்லயா?" என்று கேட்டார் பொலிஸ் அதிகாரி.

"பார்க்கிறது அவர் மட்டுந்தான் சேர்" என்றாள் அருள்ராணி.

பூவரச மரத்தடியைப் பற்றி இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஸம்றா மருதமுனையில் ஒரு பாலர் பாடசாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். விரல் பழையபடி ஆகிவிட்டது. உதிர்ந்த நகம் மட்டும் திரும்ப வளரவில்லை. கனடாக்காரர்கள் குறிப்பை வாசித்து அஸ்மியாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். தவறு அவளுடையதல்ல என்று அதில் இருந்தது. அஸ்மியா அதைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினாள். அருள்ராணி மட்டும் அந்த வேலையைத் தன் வீட்டிலிருந்தே தொடர்ந்தாள். பிள்ளைகள் படிக்கிறார்கள், வேறு வழியில்லை.

மார்கழி பிறந்து மழை இறங்கிய ஒரு பின்னேரம், அருள்ராணி குடையோடு பாலர் பாடசாலை வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அவள் கைத்தொலைபேசியை நீட்டினாள்.

நாற்பத்தோராம் கமெராவின் படம். காலையில் வந்தது. பனி அடர்த்தியாகக் கொட்டியது. விளக்குக் கம்பத்தடியில் ஒரு ஆண் நின்றான். வெள்ளைச் சட்டை. வெறுங்கால். முழங்கால்வரை பனிக்குள் புதைந்திருந்தது. இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு கமெராவைப் பார்த்திருந்தான்.

"சேர் மாதிரி இல்லையா கா?"

ஸம்றா கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "என்ன எண்டு போட்டீங்க?"

"ஆள் உண்டு எண்டுதான் போட்டன். திருப்பி அனுப்பிட்டானுகள். ஒருத்தரும் இல்லையாம்."

அடுத்த படத்தைத் தள்ளினாள். அதிலும் அவர் அப்படியே நின்றார். அதற்கடுத்ததிலும். பனி இடுப்புவரை ஏறியிருந்தது.

ஸம்றா தொலைபேசியை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். கம்பத்தைச் சுற்றிப் பார்த்தாள். மரங்களுக்கிடையில் பார்த்தாள். வளைவின் கோடிவரைக்கும் போய்த் தேடினாள். முதலாவது படத்துக்குத் திரும்பிப் போய் மீண்டும் ஒவ்வொன்றாகத் தேடினாள்.

"என்னகா தேடுற?"

"அவள" என்றாள் ஸம்றா. "அண்டைக்கு நம்மளும் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தம்."

எந்தப் படத்திலும் அவள் இல்லை.